ஆஃப் நாளில் அடித்த போன்

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் பத்து வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். நான்கு மாதம் முன்பு 30 படுக்கை உள்ள வார்டுக்கு என்னை இன்சார்ஜ் ஆக்கினார்கள். 2 மணிக்கு டூட்டி முடிந்தாலும் 5 மணிக்குமுன் கிளம்ப முடிவதில்லை. நரம்பில் மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் ஊசி போடக்கூட என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போன மாதம் என் ஆஃப் நாளில் ஒரு ஜூனியர், 12 யூனிட் இன்சுலினைத் தப்பான சிரிஞ்சில் எடுத்துப் போட்டுவிட்டாள். சுகர் 48-க்கு இறங்கி, டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றிக் காப்பாற்றினார்கள். மறுநாள் வார்டு நடுவில் வைத்துத் திட்டினேன். அன்றிலிருந்து 'அக்கா' போய் 'மேடம்' ஆகிவிட்டேன். எந்தத் தப்பும் என் காதுக்கு வருவதில்லை. ரோஸ்டர் (டூட்டிப் பட்டியல்) போட்டால் முகத்தைத் தூக்குகிறார்கள். இந்தப் பதவிக்கு நான் லாயக்கில்லையோ?

பதில்: அன்புத் தங்கைக்கு, லாயக்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த சிரிஞ்ச்.

நம் ஊரில் இன்சுலின் குப்பி இரண்டு தினுசு. ஒன்றில் மில்லிக்கு 40 யூனிட், மற்றதில் 100. முன்னதுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், பின்னதுக்கு ஆரஞ்சு மூடி. 100 குப்பி மருந்தைச் சிவப்பு மூடியில் 12 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 30 யூனிட். உங்கள் வார்டில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். இரண்டு மூடியும் ஒரே டிரேயில் கிடந்தால், பத்துப் பேருக்கு ஊசி போடும் அவசரத்தில் எந்தக் கையும் மாற்றி எடுக்கும். அந்தப் பெண்ணைத் திட்டினீர்கள், சரி. டிரே இன்னும் அப்படியேதான் இருக்கிறதா? போய்ப் பாருங்கள். ஒரே ரகக் குப்பி, ஒரே ரக சிரிஞ்ச் என்று இன்டென்ட் (தேவைப் பட்டியல்) எழுதி, நர்சிங் சூப்பரின்டென்டன்ட் மேஜையில் உட்கார்ந்து கையெழுத்து வாங்குங்கள். கிடைக்கும்வரை இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள். இழுத்த அளவை இன்னொரு சிஸ்டர் பார்த்த பிறகே ஊசி.

எனக்கு அதைவிடப் பயம் தருவது, தப்பு எதுவும் காதுக்கு வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். 1990-களில் ஏமி எட்மன்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க வார்டுகளில் மருந்துத் தவறுகளை எண்ணினார். நல்ல டீம் உள்ள இடத்தில் தவறு குறைவாக இருக்கும் என்று நினைத்துப் போனால், அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது. அங்கே பயமில்லாமல் சொன்னார்கள், அவ்வளவுதான். உங்கள் இன்சிடென்ட் ரிஜிஸ்டர் இப்போது வெள்ளை வெளேரென்று இருக்குமே!

அந்தப் பெண்ணைத் தனியே கூப்பிடுங்கள். "எல்லார் முன்னாடியும் கத்தினது என் தப்பும்மா. அன்னிக்கு என்ன நடந்துச்சு, நீயே சொல்லு" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இன்சார்ஜ் ஆன முதல் வருஷம் என்னால் முடியாமல்போன காரியம் இந்த வாய் மூடுவதுதான். எதிரே நிற்பவள் பாதி சொல்வதற்குள் நான் தீர்ப்பே எழுதிவிடுவேன். டிரே மாறியதும், காலையில் ஷிஃப்ட் மாறும் ஹேண்ட்ஓவரில், அந்தப் பெண் சொன்னதால்தான் மாற்றினோம் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-ல் எழுதிய நர்சிங் புத்தகத்தில் சில்லறை நிர்வாகத்துக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. நீ இருக்கும்போது நடப்பது நீ இல்லாதபோதும் நடக்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறாய் என்பதுதான் அதில் அந்த அம்மாவின் கவலை. கைவிளக்கேந்திய காரிகை என்று படம் மாட்டுகிறோம், அந்த அத்தியாயத்தை மட்டும் யாரும் புரட்டுவதில்லை. உங்கள் ஆஃப் நாளில் வார்டு எப்படி ஓடுகிறது என்பதுதான் இனி உங்கள் வேலை. வென்ஃப்ளானுக்குக் கூப்பிட்டால் போங்கள், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். ஜூனியர் இரண்டு தடவை குத்தட்டும். மூன்றாவது தடவை நோயாளியைப் படுத்தாமல் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் மாதம் 5 மணி 6 மணியாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோஸ்டர் விஷயம் சுலபம். லீவு வேண்டுமென்பவர்கள் 20-ஆம் தேதிக்குள் ஒரு நோட்டில் எழுதட்டும். யாருக்கு எத்தனை நைட், போன பொங்கலுக்கு யார் லீவு எடுத்தார் என்பதைப் பட்டியலோடு சேர்த்துச் சுவரில் ஒட்டுங்கள். அப்புறமும் சிலர் முகத்தைத் தூக்குவார்கள், அதுவும் உங்களோடு நைட் பார்த்த பழைய தோழிகள்தான் அதிகம் தூக்குவார்கள். 'மேடம்' போய் 'அக்கா' திரும்ப வருமா என்றால், ஒன்றிரண்டு பேரிடம் வராது.