அடர்ந்த ரோமம் மறைக்கும் நோய்கள்: ஷெல்டி வளர்ப்போர் கேள்வி பதில்

ஷெல்டி எனப்படும் ஷெட்லாண்ட் ஷீப்டாக் நாய்களை வளர்ப்பவர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. இந்த இனத்தோடு நெடுங்காலம் பழகியவன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்பது, எதைக் கவனித்துச் சொல்வது என்பதில் நான் உதவ முடியும்.

கேள்வி: சொறிக்கு ஐவர்மெக்டின் ஊசி போடலாம் என்கிறார் நண்பர். ஷெல்டிக்கு அது ஆகாது என்று இன்னொருவர் சொல்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டாமவர் சொல்வதைக் கேளுங்கள். மூளைக்குள் நுழையும் சில மருந்துகளைப் பிடித்து வெளியே தள்ளும் புரதம் ஒன்று உண்டு. அதை உருவாக்கும் எம்.டி.ஆர்.1 மரபணு சில ஷெல்டிகளில் பழுதுபட்டிருக்கிறது. கோலி என்ற நாய் இனத்தில் இந்தக் குறை 2001இல் கண்டறியப்பட்டது. கோலியைவிட ஷெல்டியில் இது குறைவுதான். ஆனால் உங்கள் நாய்க்கு இருக்கிறதா இல்லையா என்பது வெளித்தோற்றத்தில் தெரியாது.

அளவுதான் இங்கே முக்கியம். இதயப்புழு வராமலிருக்க மாதம் ஒருமுறை தரும் மாத்திரையில் உடல் எடை கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் அளவில்தான் ஐவர்மெக்டின் இருக்கும். குறையுள்ள நாயும் அதைத் தாங்கும். சொறிக்குத் தரும் அளவோ கிலோவுக்கு 300 முதல் 600 மைக்ரோகிராம் வரை போகும். குறையுள்ள நாய்க்கு அது நஞ்சு. எச்சில் வடியும், கண்மணி விரியும், கால் தள்ளாடும், பார்வை போனதுபோல் சுவரில் முட்டும், பிறகு நினைவிழக்கும். இதற்கு முறிமருந்து கிடையாது. மருந்து உடலைவிட்டு இறங்கும் வரை நாள்கணக்கில் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. மாடு, குதிரைக்கான மருந்தை அளந்து ஊற்றும் பழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து இதோடு நிறுத்துங்கள். அந்த மருந்து கொடுத்த குதிரையின் சாணத்தை நாய் தின்றாலும் ஆபத்துதான்.

கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துச் செய்யும் மரபணுப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. வாழ்நாளில் ஒரு முறை போதும். அதன் முடிவை மருத்துவக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். மயக்கத்துக்கு முன் தரும் அசிபுரோமசின், பியூட்டார்பனால், புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் ஆகியவற்றுக்கும் இந்தத் தகவல் தேவைப்படும்.

கேள்வி: வயிற்றுப்போக்குக்கு வீட்டிலிருக்கும் லோபரமைடு மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

கூடாது. காரணம் மேலே சொன்ன அதே மரபணு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மாத்திரை என்பதாலேயே இது கூடுதல் ஆபத்தானது.

கேள்வி: நான்கு மாதக் குட்டிக்கு மூக்கின் மேலும் கண்ணைச் சுற்றியும் முடி உதிர்ந்து செதில் கட்டுகிறது. படர்தாமரை என்று களிம்பு தந்தார்கள். ஒரு மாதமாகியும் ஆறவில்லை.

படர்தாமரையும் சொறியும் இதே இடங்களில் வரக்கூடியவை. தோலைச் சுரண்டி உருப்பெருக்கியில் பார்த்து, பூஞ்சை வளர்ப்புச் சோதனையும் செய்து, முதலில் அவற்றை விலக்க வேண்டும். இரண்டிலும் ஒன்றும் இல்லையென்றால் டெர்மடோமயோசைடிஸ் என்ற, தோலையும் தசையையும் தாக்கும் பரம்பரை நோய் இருக்குமா என்று நேராகக் கேளுங்கள். ஷெல்டியிலும் கோலியிலும் அதிகமாகக் காணப்படுவது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தலைகாட்டும்.

குட்டியை மடியில் வைத்துக்கொண்டு காது நுனி, வால் நுனி, முன்னங்காலில் எலும்பு முட்டும் இடங்கள் என ஒவ்வொன்றாக ரோமத்தை விலக்கிப் பாருங்கள். அங்கேயும் வழுக்கையும் பொருக்கும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் தலையின் இருபக்கத்திலும் வைத்து, கண்ணுக்கு மேலே தசை குழிந்திருக்கிறதா என்று தடவுங்கள். நோய் மெல்லும் தசையையும் தாக்கும். கடுமையானால் உணவை வாயில் பிடிப்பதற்கே நாய் திணறும்.

உறுதி செய்வது தோல் திசுப் பரிசோதனை. பென்டாக்சிஃபைலின், வைட்டமின் இ ஆகியவற்றை மருத்துவர்கள் தருவார்கள். பென்டாக்சிஃபைலின் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், இடையில் நிறுத்திவிடாதீர்கள். உச்சி வெயிலில் விடாதீர்கள். லேசாக வந்த குட்டிகள் பல, தழும்போடு நல்லபடி வளர்ந்துவிடுகின்றன. ஆனால் எவ்வளவு லேசாக வந்திருந்தாலும் அந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

கேள்வி: ஒன்பது வயது. அவ்வப்போது வாந்தி. இரத்தத்தில் கொழுப்பு அதிகம், பித்தப்பையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறார்கள். வாந்திக்கு இவ்வளவு தேவையா?

தேவை. உங்கள் மருத்துவர் சரியான வழியில்தான் போகிறார். பித்தநீர் ஓடாமல் கெட்டியாகி, பசைபோல் பையை நிரப்பும் மியூக்கோசீல் நோய்க்கு ஷெல்டி பெயர்போன இனம். முற்றிய நிலையில் ஸ்கேனில் கிவிப் பழத்தைக் குறுக்கே வெட்டியதுபோல் கோடுகள் தெரியும். பை வெடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. வெடிக்கும் முன் திட்டமிட்டுப் பையை அகற்றினால் பிழைக்கும் வாய்ப்பு மிகவும் கூடுதல். தொடக்க நிலையென்றால் கொழுப்புக் குறைந்த உணவு, பித்தநீர் ஓட உதவும் அர்சோடிஆக்சிகோலிக் அமிலம், சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் என்று போகலாம். தைராய்டு குறைவும், கார்ட்டிசால் ஹார்மோன் மிகுந்துவிடும் குஷிங் நோயும் இதோடு சேர்ந்து வருவதுண்டு, அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றில் கொண்டுபோங்கள். சாப்பிட்ட பிறகு எடுத்த கொழுப்பு அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஈறோ கண்ணின் வெள்ளையோ மஞ்சளாகத் தெரிந்தால், அல்லது வயிற்றைத் தொட்டதும் நாய் முனகினால், காலை வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: குறைவாகவே சாப்பிடுகிறது, ஆனாலும் பருக்கிறது. வால் முடி கொட்டுகிறது. டி4 என்ற தைராய்டு ஹார்மோன் குறைவு என்று மாத்திரை தொடங்கச் சொல்கிறார்கள்.

டி4 மட்டும் குறைந்திருந்தால் அது தைராய்டு நோய் ஆகிவிடாது. வேறு நோய் இருந்தாலும், வலிப்புக்கான ஃபீனோபார்பிட்டல் போன்ற மருந்துகள் சாப்பிட்டாலும் அது இறங்கும். புரதத்தோடு ஒட்டாமல் இரத்தத்தில் உலவும் ஃப்ரீ டி4, தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகு தொடங்குங்கள். நோய் உறுதியானால் மாத்திரை ஆயுள் முழுவதும் தொடரும். அதனால்தான் தொடக்கத்தில் அவசரம் வேண்டாம் என்கிறேன்.

எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். இந்த ரோமத்துக்குள் இரண்டு கிலோ கூடுதலாக இருந்தாலும் தெரியாது. விலாவில் கை வைத்தால் அழுத்தாமலேயே எலும்பு தட்டுப்பட வேண்டும்.

கேள்வி: வெயில் காலத்தில் மொட்டையடித்துவிடலாமா?

வேண்டாம். வெயிலிலிருந்து தோலைக் காப்பதே அந்த ரோமம்தான். அடி ரோமத்தைச் சீவி எடுத்தால் காற்று உள்ளே போகும். காதின் பின்புறத்தை மறக்காதீர்கள், சிக்கு முதலில் விழும் இடம் அது.

கேள்வி: குட்டி வாங்கப் போகிறேன். கண் பரிசோதனை எப்போது?

ஆறு முதல் எட்டு வாரத்துக்குள், கண் மருத்துவம் தெரிந்தவரிடம். கோலி கண் குறைபாடு என்ற பிறவிக் கோளாறு லேசாக இருந்தால், குட்டி வளர வளர நிறமி வந்து மூடி, கண் நலமாக இருப்பதுபோல் காட்டும். குறை மரபணுவில் அப்படியே இருக்கும். லேசான வகையில் பார்வை கெடுவதில்லை. விழித்திரை பிரிந்தால் பார்வை போகலாம். குட்டியின் பெற்றோர் இருவருமே மெர்ல் எனப்படும் வெளிறிய திட்டுத்திட்டான நிறமா என்றும் கேளுங்கள். ஆம் என்றால் வாங்காதீர்கள். அப்படிச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில், இருவரிடமிருந்தும் அந்த மரபணுவைப் பெற்ற இரட்டை மெர்ல் வரும். அவற்றில் பல செவிடாகவோ குருடாகவோ பிறக்கின்றன. தெரிந்தே இதைச் செய்பவர்களை மன்னிக்க எனக்கு மனமில்லை.

கேள்வி: கருத்தடை அறுவைக்கு முன் ஏதாவது சோதனை?

எம்.டி.ஆர்.1 பார்த்தாயிற்றா என்பது முதலில். அடுத்து வான் வில்லிபிராண்ட் நோய். இரத்தம் உறையாத இந்தக் குறையின் கடுமையான வகை ஷெல்டியில் உண்டு. பல் விழுந்தபோதோ நகம் வெட்டியபோதோ இரத்தம் நிற்கத் தாமதமானதா என்று நினைத்துப் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பதினொரு வயதுப் பெண் நாய். சிறுநீரில் இரத்தம். ஆன்டிபயாடிக் தந்தால் நிற்கிறது, மறுபடி வருகிறது.

மூன்றாவது முறையும் அதே மருந்தோடு திரும்பி வராதீர்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கூடுதலாக வரும் இனங்களில் ஷெல்டியும் ஒன்று. புற்றின் மேல் தொற்றும் சேர்ந்திருப்பதால் மருந்துக்கு அடங்குவதுபோல் தோன்றும். வயிற்று ஸ்கேன் கேளுங்கள். சிறுநீரிலேயே பி.ராஃப் மரபணு மாற்றத்தைத் தேடும் சோதனையும் இருக்கிறது. ஊசி குத்தி எடுக்க வேண்டாம், அந்தத் தடத்தில் புற்று பரவக்கூடும் என்பதால் தானாகக் கழிக்கும்போது பிடித்த சிறுநீரே போதும். புற்றுதான் என்றாலும் பைராக்சிகாம் போன்ற மருந்துகளால் பல நாய்கள் மாதக்கணக்கில் வலியின்றி நடமாடுகின்றன. இந்த வாரமே போங்கள், அம்மா. ஸ்கேன் முடிவு வந்ததும் எழுதுங்கள், அடுத்து என்ன கேட்பது என்று சேர்ந்து பார்ப்போம்.