வாக்கர் என்றால் நடப்பவரா?

கேள்வி: ஆங்கிலேயரிடையே 'வாக்கர்' என்னும் குடும்பப்பெயர் பரவலாகக் காணப்படுகிறது. ஊர் ஊராக நடந்து திரிந்த யாரோ ஒருவரின் வழிவந்தவர்கள் என்பதால் அப்பெயர் ஏற்பட்டதா?

பதில்: இல்லை. அது ஒரு தொழிற்பெயர். கால்களுக்கு அத்தொழிலில் பெரும்பங்கு இருந்தபோதிலும், அதைச் செய்தவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

தறியிலிருந்து புதிதாக இறக்கிய கம்பளித் துணி, இழைகள் நெகிழ்ந்தும் ஆட்டுரோமத்தின் பிசுக்கு நீங்காமலும் இருக்கும். அதைத் தொட்டியில் இட்டு, நீருடன் பிசுக்கை உறிஞ்சும் களிமண்ணையும் நாள்பட்ட சிறுநீரையும் சேர்த்து, இழைகள் ஒன்றோடொன்று பின்னித் துணி சுருங்கித் தடிக்கும்வரை வெறுங்காலால் மிதிப்பார்கள். அப்படி மிதித்தவரே வாக்கர். சிறுநீரில் உண்டாகும் அம்மோனியாதான் அழுக்கை அகற்றியது. அந்தத் தொட்டிகளின் நாற்றத்தை இன்று அப்பெயரைத் தாங்கியிருப்போர் நினைத்துப் பார்ப்பதில்லை என்றே கருதுகிறேன். இப்பெயருக்கு அடிப்படையான 'வாக்' என்னும் வினைச்சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் புரட்டுதல், உருட்டுதல் என்பனவே பொருள். நடத்தல் என்னும் பொருள் பின்னர் வந்து நிலைத்தது. ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களிலும் தீவுகளிலும், துணியைப் பலகையில் அடித்துக் கெட்டியாக்கும் வேலைக்கு 'வாக்கிங்' என்ற பெயரே அண்மைக்காலம்வரை வழங்கியது.

இதே தொழிலைச் செய்தவர்கள் இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஃபுல்லர் என்றும், தென்மேற்கில், குறிப்பாக டெவன் பகுதியில், டக்கர் என்றும் அழைக்கப்பட்டனர். வாக்கர் என்பது வடக்கிலும் நடுப்பகுதியிலும் வழங்கிய பெயர். ஆகவே ஒரு குடும்பத்தின் முன்னோர் எந்த வட்டாரத்தில் வாழ்ந்தனர் என்பதை இம்மூன்றில் எது அவர்களுடைய பெயர் என்பதைக் கொண்டே ஓரளவு ஊகிக்கலாம். ஃபுல்லர் லத்தீனில் வேர்கொண்டது. டக்கர் என்பதோ, வதைத்தல் என்று பொருள்படும் பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. துணி பட்ட பாட்டிற்கு அதுவே மிகப் பொருத்தமான பெயர். எக்சிட்டர் நகரில் நெசவாளர்களும் இத்தொழிலாளர்களும் 1471-இல் எழுப்பிய மண்டபம் இன்றும் டக்கர்ஸ் ஹால் என்றே அழைக்கப்படுகிறது.

நீர்ச்சக்கரத்தால் இயங்கும் மரச்சுத்தியல் ஆலைகள் பற்றிய குறிப்பு இங்கிலாந்தில் 1185-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே உள்ளது. நார்மானியர் 1066-இல் நாட்டைக் கைப்பற்றிய பிறகு படிப்படியாகப் பரவிய பரம்பரைக் குடும்பப்பெயர்கள் பொதுமக்களிடையே வேரூன்றிய நூற்றாண்டுகளில், கால்களின் வேலையை அந்தச் சுத்தியல்கள் பல இடங்களில் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தன. ஆயினும் ஆலையை நடத்தியவருக்கும் பழைய பெயரே நீடித்தது.

ஒரு விதிவிலக்கு உண்டு. நியூகாசில் நகரில், ரோமானியர் கட்டிய ஹாட்ரியன் மதிலின் அருகே வாக்கர் என்றே ஓர் இடம் இருக்கிறது. மதிலை ஒட்டிய சதுப்புநிலம் என்பது அதன் பொருள். அவ்வூரிலிருந்து வெளியேறிய சிலர் ஊர்ப்பெயரால் அறியப்பட்டிருக்கக்கூடும். எனவே ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் மூலத்தை அறிய விரும்புவோர், 1538 முதல் எழுதப்பட்டுவரும் திருச்சபைப் பதிவேடுகளில் அக்குடும்பம் வாழ்ந்த ஊரைத் தேடுவதே முறை.