ரிலே நீச்சலில் ஒரு நாட்டின் அணி, நால்வரின் தனிநேரக் கூட்டுத்தொகையை விட வேகமாக முடிப்பது எப்படி?

4x100 மீட்டர் ரிலேயில் நான்கு பேர் ஆளுக்கு 100 மீட்டர் நீந்துவார்கள். தனிப்போட்டியில் ஒலி கேட்டு, மேடையை விட்டுக் கால் பிரிய ஏறக்குறைய 0.6 முதல் 0.7 விநாடி ஆகும். ரிலேயில் முதலாமவருக்குப் பிறகு குதிக்கும் மூவரும், நீந்தி வருபவரைப் பார்த்தபடியே கையை வீசி உடலைச் சாய்க்கத் தொடங்கிவிடலாம். அவர் சுவரைத் தொடும்போது கால்விரல் மட்டும் மேடையில் இருந்தால் போதும். நின்ற இடத்திலிருந்து தாண்டுவதற்கும் ஓடிவந்து தாண்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. ஒவ்வொருவரும் அரை விநாடி மிச்சம் பிடித்தால் மொத்தம் 1.5 விநாடி, பதக்கத்துக்கு அது மிகப் பெரிய இடைவெளி! ஆபத்தும் இங்கேதான். உலக நீச்சல் போட்டிகளில், சுவரைத் தொடுவதையும் கால் பிரிவதையும் அளக்கும் மின்னணுக் கருவிக்கான சலுகை 0.03 விநாடி மட்டுமே. அதற்கும் முன்னதாகக் கால் பிரிந்தால் அணி முழுவதும் தகுதியிழக்கும்.

மூன்றாமவரோ நான்காமவரோ நீந்திய வேகமான நேரத்தைத் தனிநபர் சாதனை என்று பலர் பகிர்கிறார்கள். சாதனைக் கணக்கில் முதலில் குதித்தவரின் நேரம் மட்டுமே சேரும்.