ரெண்டு ஆப்பில் ரெண்டு டீமுக்கும் பெட் கட்டினால் லாபம் நிச்சயமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். ஒரே மேட்சுக்கு ஓர் ஆப்பில் ஒரு டீம் மேலும், இன்னொன்றில் எதிர் டீம் மேலும் கட்டினால் யார் ஜெயித்தாலும் லாபம் என்கிறார் பொள்ளாச்சி நண்பர். கேரளாவில் இருப்பதால் தமிழ்நாட்டுத் தடை நம்மைப் பிடிக்காதாம். நிஜமா?

பதில்: நண்பரின் கணக்கில் பிழையில்லை. இதற்கு ஆர்பிட்ரேஜ் என்று பெயர். ஆட்ஸ் 2.00 என்றால் 100 ரூபாய் கட்டி ஜெயித்தால், கட்டியதையும் சேர்த்து 200 வரும். சம பலமுள்ள டீம்களுக்கு ஒரே ஆப்பில் 1.90, 1.90 போல இருக்கும். 1-ஐ ஒவ்வொரு ஆட்ஸாலும் வகுத்துக் கூட்டினால் 1.0526. ஒன்றுக்கு மேல் நிற்கும் அந்த மிச்சம் புக்கியின் (பந்தயம் நடத்துபவரின்) பங்கு. ஓர் ஆப்காரன் ஆட்ஸை மாற்றி, இன்னொருவன் மாற்றாமல் இருக்கும் கொஞ்ச நேரத்தில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கூட்டுத்தொகை ஒன்றுக்குக் கீழே இறங்கும். அதுதான் சந்து.

உதாரணமாக ஒரு பக்கம் 2.08, மறுபக்கம் 2.00. கூட்டுத்தொகை 0.981. 10,000 ரூபாயை 4,902, 5,098 என்று பிரித்துக் கட்டினால் எந்த டீம் ஜெயித்தாலும் 10,196 வரும். லாபம் 196. ஒன்றிரண்டு சதவீதம்தான் வழக்கம். 10 சதவீதம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். அது பெரும்பாலும் தப்பாகப் போட்ட ஆட்ஸ். பிறகு "பிழை" என்று அந்த பெட்டை மட்டும் ரத்து செய்வார்கள், மறுபக்கம் கட்டியது தனியாகத் தொங்கும்.

முதல் பக்கம் கட்டி முடித்து அடுத்த ஆப்பைத் திறப்பதற்குள் 2.00 என்பது 1.90 ஆகிவிட்டது என்று வையுங்கள். சமன் செய்ய 5,366 கட்டவேண்டும். மொத்தம் 10,268 போட்டு 10,196 எடுப்பீர்கள். விதிகளும் ஆப்புக்கு ஆப்பு வேறு. டென்னிஸில் ஒருவர் காயத்தால் பாதியில் விலகினால், ஓரிடத்தில் ஒரு செட் முடிந்திருந்தாலே பெட் செல்லும், இன்னோரிடத்தில் ரத்து. கிரிக்கெட்டில் மழை, டை இரண்டிலும் இதே கதை. இத்தனையும் தாண்டித் தொடர்ந்து எடுத்தால், உங்கள் கணக்கில் கட்டக்கூடிய தொகையை அற்பமாகக் குறைத்துவிடுவார்கள்.

நம் நாட்டில் இதற்கெல்லாம் முன்பே வரி லாபத்தை முடித்துவிடும். இதை யாரும் சொல்வதில்லை. பந்தய வருமானத்துக்கு 30 சதவீதம் வரி (செஸ் தனி). ஓர் ஆப்பில் தோற்றதை இன்னோர் ஆப்பில் வென்றதில் கழிக்க முடியாது. 2.08 பக்கம் ஜெயித்தால் அங்கே வென்றது 5,294, அதற்கு வரி 1,588. மறுபக்கம் போன 5,098 கணக்கிலேயே வராது. 196 லாபம், சுமார் 1,392 நஷ்டமாகிறது.

எல்லை விஷயம்: தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லை தாண்டி வேலந்தாவளம் வந்து லாட்டரி வாங்கிப் போகிறார்களே, அது மாதிரி இல்லை இது. லாட்டரியை நடத்துவது கேரள அரசு. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை நடத்துவது, விளம்பரம் செய்வது, பணம் கைமாற்றிவிடுவது எல்லாவற்றையும் தடுத்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் இயற்றிவிட்டது. அதில் ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. ஆனால் தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஆடுபவருக்கே 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. பொள்ளாச்சியில் உட்கார்ந்து கட்டும் நண்பருக்கு அது பொருந்தும்.

வாட்ஸ்அப்பில் "ஐடி" (பந்தயம் கட்டுவதற்கான கணக்கு) தருபவர்கள் யார் யாருடைய வங்கிக் கணக்கிலிருந்தோ பணம் அனுப்புவார்கள். அது மோசடிப் பணமாக இருந்தால் எங்கோ பதிவான வழக்குக்காக உங்கள் கணக்கு முடங்கும். பால் பணமும் சம்பளமும் சேர்ந்தே மாட்டும். ஏற்கெனவே ஐடியில் பணம் போட்டிருந்தால் எடுக்கப் பாருங்கள். "முதலில் வரி கட்டு, பிறகு பணம் விடுகிறேன்" என்று கேட்டால் ஒரு ரூபாயும் அனுப்பாமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள்.