லீவு எடுத்தால் பதவி உயர்வு போகுமா? கல்லூரி ஆசிரியர்களின் வீட்டுக் கவலைகள்: கேள்வி பதில்

சேலம், ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கல்லூரிப் பெயர்களை எடுத்துவிட்டேன்.

கருப்பூரிலிருந்து: மேடம், நான் உதவிப் பேராசிரியர். பிரசவத்துக்கு லீவில் போகிறேன். ஒரு பருவம் முழுக்க வகுப்பு எடுக்காவிட்டால் சிஏஎஸ் (பணிக்காலத்தையும் வேலையையும் மதிப்பிட்டுத் தரும்) பதவி உயர்வு தள்ளிப்போகும் என்கிறார் துறைத் தலைவர். உண்மையா?

உண்மையில்லை. 2018 யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறையில் மதிப்பீட்டு அட்டவணைக்குக் கீழே ஒரு குறிப்பு இருக்கிறது. அதுவரை யாரும் படிப்பதில்லை. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு, மருத்துவம், படிப்பு ஆகியவற்றுக்காக எடுத்த விடுப்பு நாட்களை மதிப்பீட்டிலிருந்து விலக்கிவிட்டு, மீதி நாட்களின் வேலையை வைத்தே முழுக் காலத்துக்கும் தரம் போட வேண்டும் என்கிறது அந்தக் குறிப்பு. ஜூனிலிருந்து நவம்பர் வரை லீவில் இருந்தீர்கள் என்று வையுங்கள். அடுத்த பருவத்தில் உங்களுக்கு ஒதுக்கிய வகுப்புகளில் 80 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்திருந்தால், கற்பித்தலில் அந்த ஆண்டுக்கே ‘நன்று’ என்ற தரம் வர வேண்டும்.

ஒரு நிபந்தனை உண்டு. உரிய அதிகாரியிடம் முறைப்படி முன் அனுமதி வாங்கிய லீவாக இருக்க வேண்டும். நம்மவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். துறைத் தலைவரிடம் வாயால் சொல்லி, வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நாலு வருடம் கழித்துத் தேர்வுக் குழு முன்னால் உட்காரும்போது அந்தத் துறைத் தலைவரும் மாறியிருப்பார், போனும் மாறியிருக்கும். எண்ணும் தேதியும் போட்ட ஆணையை வாங்கி, சுயமதிப்பீட்டுப் படிவத்தோடு சேர்த்து வையுங்கள்.

ஓமலூர், தனியார் பொறியியல் கல்லூரி: “ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்க, குழந்தை பிறந்ததும் திரும்ப எடுத்துக்கிறோம்” என்கிறது நிர்வாகம். இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

தயவுசெய்து எழுதிக் கொடுக்காதீர்கள். மகப்பேறுப் பலன் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே ஏற்பாடுதான்.

ராஜினாமாவில் போவது ஆறு மாதச் சம்பளம் மட்டும் இல்லை. பணித்தொடர்ச்சி அறுந்துவிடும். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும், ஆசிரியர்களும் அதற்கு உரியவர்கள் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் உறுதி செய்திருக்கிறது. முறையான மகப்பேறு லீவு தொடர் பணியிலேயே சேரும். ராஜினாமா செய்துவிட்டுத் திரும்பினால் கணக்கு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். நிர்வாகம் இவ்வளவு அன்பாகத் திரும்பக் கூப்பிடுவதில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

விண்ணப்பத்தை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபால்.

கௌரவ விரிவுரையாளர், ஆத்தூர்: என் ஒப்பந்தம் ஏப்ரலோடு முடிகிறது. குழந்தை மார்ச்சில். எனக்கு என்ன கிடைக்கும்?

ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் மகப்பேறுப் பலன் முழுதாகத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காகப் பணம் தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே, தீர்ப்பைக் குறிப்பிட்டு முதல்வர் வழியாக விண்ணப்பியுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். அது இல்லாமல் வழக்கறிஞராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

அரசுக் கல்லூரி, சேலம்: எனக்கு இது மூன்றாவது பிரசவம் மேடம். லீவே கிடையாது என்கிறார்கள்.

தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். இரண்டு குழந்தை வரம்பு விதியில் இருப்பது நிஜம். ஆனால் தர்மபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் தொடுத்த வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு விடுப்பு தரச் சொன்னது. முதல் திருமணத்துக் குழந்தைகள் அவரிடம் இல்லை, மறுமணத்தில் பிறந்த குழந்தைக்காகக் கேட்டார். உங்கள் நிலைமை வேறாக இருக்கலாம். தீர்ப்பைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஆராய்ச்சி மாணவி: பிஎச்டி பாதியில் குழந்தை. பதிவு ரத்தாகுமா?

ஆகாதும்மா. முழுக் காலத்திலும் சேர்த்து 240 நாள் வரை விடுப்பு தரலாம். பெண்களுக்குக் கூடுதலாக 2 வருட நீட்டிப்பும் உண்டு.

ஏற்காட்டிலிருந்து: அப்பாவுக்குப் பக்கவாதம். அம்மா ஒருத்தியால் தூக்கி உட்காரவைக்க முடியவில்லை. நான் தினமும் சேலம் இறங்கி அரசுக் கல்லூரிக்குப் போகிறேன். காலை முதல் பீரியட் எனக்கே வருகிறது.

பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ளவென்று நமக்குத் தனி லீவு இல்லை. குழந்தைக்காகக் கேட்டால் அனுதாபப்படும் அலுவலகம், அப்பாவுக்காகக் கேட்டால் “வீட்டில் வேறு யாரும் இல்லையா” என்கிறது. இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். கோடை விடுமுறை உள்ள பணி என்பதால் ஈட்டிய விடுப்பு (வேலை செய்த நாட்களுக்குச் சேரும் லீவு) நமக்குக் குறைவாகவே சேரும். சொந்தக் காரணங்களுக்கான ஈட்டா விடுப்பு அரைச் சம்பளத்தில் உண்டு. அதைக் கடைசிக்கு வைத்திருங்கள்.

முதலில் கால அட்டவணையைக் கவனியுங்கள். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. எந்த மணி என்று விதி சொல்வதில்லை. ஆனால் அட்டவணை ஒட்டிய பிறகு கேட்டால் நடக்காது, பருவம் தொடங்கும் முன்பே கேளுங்கள். பிள்ளைகளை மாலை பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டிய ஆசிரியர் ஒருவர் உங்கள் துறையிலேயே இருப்பார். அவருக்கு முதல் பீரியட் வரம், உங்களுக்குக் கடைசி பீரியட் வரம். இரண்டு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் துறைத் தலைவருக்கும் வேலை மிச்சம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, மே மாதம் கோடை விழா நெரிசலில் சிக்கி, ஒன்பது மணிக்குப் போய் நிற்பது யாராலும் ஆகாது.

அப்பாவுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

துறைத் தலைவர் ஒருவர்: எல்லாருக்கும் லீவு கொடுத்தால் வகுப்பு யார் எடுப்பது? குழந்தைக் காப்பகம் வேறு கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி சார். பிரசவம் திடீரென்று வருவதில்லை, ஐந்தாறு மாதம் முன்பே தெரியும். அப்போதே மாற்று ஆளுக்கு எழுதுங்கள். கடைசி வாரத்தில் மூன்று பேர் தலையில் கட்டினால், அவர்கள் கோபம் லீவில் போனவர் மேல்தான் திரும்பும்.

காப்பகம் ஒரு சலுகை அல்ல. 50 பேர் வேலை செய்தால் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். தனியாகக் கட்ட முடியாவிட்டால் பொதுக் காப்பகத்தைப் பயன்படுத்த 2020 சட்டத் தொகுப்பு இடம் தருகிறது. பக்கத்துக் கல்லூரியோடு சேர்ந்து நடத்துங்கள். தரைத்தளத்தில் ஓர் அறை, இரண்டு ஆயா, பால் வைக்க ஒரு ஃபிரிட்ஜ், கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

அப்புறம், மாலை நாலரை மணிக்கு வைக்கும் துறை மீட்டிங்கைப் பகல் பதினொன்றுக்கு மாற்றுங்கள். அதற்கு அரசாணை தேவையில்லை.