வெறும் பஸ் டிரைவரா?

கேள்வி: ஐந்து வயதில் என் மகன் பஸ் டிரைவர் ஆவேன் என்பான். வெறும் டிரைவரா என்று நாங்கள் சிரிப்போம். இப்போது தொடக்கநிலை ஆறு. என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டால் ‘தெரியாதும்மா’ என்கிறான். இலட்சியமே இல்லாமல் போய்விடுவானோ?
(ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: அந்த ‘வெறும்’ கண்ணை உறுத்துகிறது, அம்மா. நிறுத்தத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி காத்திருந்தால் நம் ஊர் பஸ் ஓட்டுநர் என்ன செய்கிறார், பார்த்திருப்பீர்கள். எழுந்து வந்து, நடுக்கதவருகே மடித்திருக்கும் பலகையைக் கையால் விரித்துப் போட்டு, பாட்டியை நாற்காலியோடு ஏற்றி, அதற்கான இடத்தில் நிறுத்தி, பலகையை மடித்துவிட்டுத் திரும்பப் போய் வண்டியை எடுக்கிறார். இதில் எது வெறும்?

பிள்ளைகள் கண்ணால் பார்க்கிற வேலைக்குத்தான் ஆசைப்படும். அப்பா ஆபீசில் என்ன செய்கிறார் என்று எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? அப்புறம், ஆசை மாறுவதற்குப் பிள்ளை மட்டுமா காரணம்? என் வயதுப் பையன்கள் பலருக்கு பஸ் கண்டக்டர் ஆக ஆசை. 80களில் அந்த வேலையே இல்லாமல் போனது. 2003-இல் வந்த வடகிழக்கு ரயில் பாதையில் ஓட்டுநரே கிடையாது. முதல் பெட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும் பொடியன்களைப் பாருங்கள், அந்த ரயிலை அவர்கள்தான் ஓட்டுகிறார்கள்.

சமூக மன்றத்து மாறுவேடப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறேன். பாரதியார் வருவார், வெள்ளைக் கோட்டு போட்ட குட்டி டாக்டர்கள் வரிசையாக வருவார்கள். புளோக்கைக் கூட்டிப் பெருக்குகிறவராகவோ பஸ் ஓட்டுநராகவோ ஒரு பிள்ளையைக்கூட இதுவரை பார்த்ததில்லை. வந்தால் முதல் பரிசு என்று மேடையிலேயே சொல்லிவிட்டேன். ஏற்பாட்டாளர்களுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் போகட்டும்.

12 வயதில் ‘தெரியாது’ என்கிறவன் உண்மையைச் சொல்கிறான். டாக்டர் என்று சொல்லியிருந்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள், அவன் மாட்டிக்கொண்டிருப்பான். நம் முன்னாள் அதிபர் எஸ். ஆர். நாதன் பதின்ம வயதில் வீட்டைவிட்டு ஓடிப்போனவர். ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அவர்கள் மொழியைக் கற்று மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். சமூகப் பணியில் டிப்ளோமா வாங்கியது 1954-இல், 30 வயதில். பிறகு மருத்துவமனையில் சமூகப் பணியாளர், அடுத்து கப்பல் தொழிலாளர் நலன் பார்க்கும் அதிகாரி. 1999-இல் அதிபரானபோது அவருக்கு வயது 75. 12 வயதில் அவரைக் கேட்டிருந்தால் இதில் எதைச் சொல்லியிருப்பார்?

தொடக்கநிலை ஆறின் முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வு முடியட்டும். அதுவரை இந்தக் கேள்வியோடு அவனிடம் போகாதீர்கள், மாமா, சித்தப்பாக்களையும் கேட்க விடாதீர்கள்.

இன்னொன்று. ஒரு துணைப்பாட நிலையம் நமக்கு விளம்பரம் அனுப்பியது. ஐந்து வயதுப் பையன், கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கீழே ‘இன்றே தொடங்குங்கள்’. திருப்பி அனுப்பினேன். அவர்கள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. மறுபடி வந்தாலும் திருப்பித்தான் அனுப்புவேன்.