தேடிக்கொண்ட நோயா?

கேள்வி: 'பிலடெல்பியா' என்ற பழைய ஆங்கிலப் படத்தை இப்போதுதான் பார்த்தேன். எய்ட்ஸ் வந்த வக்கீலை அவர் வேலை பார்த்த நிறுவனமே வெளியே அனுப்பிவிட, அவர் வழக்குப் போடுகிறார். டாம் ஹாங்ஸின் நடிப்பு கண்ணிலேயே நிற்கிறது. என்னதான் நோய் அவர் தானாகத் தேடிக்கொண்டது என்றாலும், வேலையை விட்டு நீக்கியது அநியாயம் இல்லையா? தமிழில் இப்படி ஒரு கோர்ட் படம் வருமா?
— வாசகர், ஈரோடு

பதில்: அநியாயம்தான். அதில் நமக்குள் தகராறு இல்லை. நடுவில் நீங்கள் செருகியிருக்கும் அந்த அரை வரியில்தான் தகராறு: 'தானாகத் தேடிக்கொண்டது என்றாலும்.' இரக்கத்தோடுதான் கேட்டிருக்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் அந்த அரை வரி படத்திலேயே இருக்கிறது. அதைக் கிளப்புபவர் யார்? நிறுவனத்தின் வக்கீல்.

இன்னொரு முறை பாருங்கள். நிறுவனம் நீதிமன்றத்தில் நோயைக் காரணமாகச் சொல்லவே இல்லை. ஆண்ட்ரூ பெக்கெட்டுக்கு வேலை சரியாக வரவில்லை, முக்கியமான புகார் மனு காணாமல் போய்விட்டது, அதனால் நீக்கினோம் என்கிறது. அப்படியானால் விசாரணை மனுவைப் பற்றியும் அவருடைய வேலையைப் பற்றியும்தானே நடக்க வேண்டும்? ஆனால் கூண்டில் ஏறியதும், தன்பாலின ஈர்ப்பாளரான அந்த மனிதரிடம் எந்த மாதிரி தியேட்டருக்குப் போனீர்கள், அங்கே என்ன நடந்தது, உடன் வாழ்பவருக்குத் தெரியுமா என்று குடைகிறார்கள். மனு காணாமல் போனதற்கும் அந்தத் தியேட்டருக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. 'இந்த ஆள் தேடிக்கொண்டான்' என்று பன்னிரண்டு ஜூரிகளும் மனதுக்குள் முடிவுகட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அப்படி முடிவு செய்துவிட்டால் அப்புறம் சட்டப் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம்.

இதற்கான பதிலும் படத்திலேயே இருக்கிறது. ரத்தம் ஏற்றிக்கொண்டதில் தொற்று வந்த ஒரு பெண் சாட்சி சொல்ல வருகிறார். 'உங்கள் மேல் தப்பில்லை, உங்கள் கதை வேறு' என்று அவரைத் தனியாகப் பிரித்து உட்கார வைக்கப் பார்க்கிறது எதிர்த்தரப்பு. அவர் அந்த இடத்தை ஏற்க மறுக்கிறார். இந்த நோய் வந்த மற்றவர்களிடமிருந்து தான் எந்த விதத்திலும் வேறு இல்லை, இதில் குற்றவாளி, அப்பாவி என்ற பேச்சே கிடையாது, பிழைத்துக் கிடக்கப் பார்க்கிறேன் என்கிறார். டாம் ஹாங்ஸுக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள், சந்தோஷம். என் கணக்கில் இந்தப் படத்தின் உச்சம் அந்தச் சாட்சிதான்.

நோயாளிகளை இப்படி இரண்டு வரிசையாக நிறுத்தும் பழக்கத்தோடு எனக்கு நெடுநாள் பகை. புகையிலை எச்சரிக்கை விளம்பரம் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியபோது பல வாசகர்கள் கோபித்துக்கொண்டார்கள். மறுபடியும் சொல்கிறேன். படம் தொடங்கும்போதும் இடைவேளையிலும் வாய்ப்புற்று வந்தவரின் முகத்தைப் பெரிதாகக் காட்டுகிறோம். அவர் வாயில் போட்டதைத் தயாரித்தவர், விற்றவர், லாபம் பார்த்தவர் முகம் எங்கே? சிகரெட் தயாரிக்கும் ஐ.டி.சி.யின் பெரிய பங்குதாரர்களில் ஒன்று நம் பொதுத்துறை எல்.ஐ.சி. என்பதை அந்த விளம்பரம் சொல்லுமா? நோய் வந்தவன்தான் நாட்டிலேயே சுலபமாகத் திட்டக் கிடைக்கிற ஆள்.

ஒரு மேலதிகாரிக்கு மாரடைப்பு வந்தால் 'பாவம், வேலைப் பளு' என்கிறோம். அவர் இருபது வருடமாக ஊதித்தள்ளிய சிகரெட்டை யாரும் எண்ணுவதில்லை. எண்ணவும் கூடாது என்பதுதான் என் கட்சி. ஆனால் அவருக்குக் காட்டும் அதே நாகரிகத்தை எச்.ஐ.வி. வந்தவருக்கும் காட்ட வேண்டாமா? அச்சுத் தொழிலில் இருப்பவன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கணினி வருவதற்கு முன்பு இதே மாதிரிப் பத்திரிகைகளுக்காக ஈய எழுத்துகளை நாள் முழுக்கக் கையால் கோத்தவர்கள் இருந்தார்கள். அந்த ஈயம் மெல்ல உடம்பில் சேரும். அச்சுக்கோப்பவரின் வயிற்றுவலியும் ரத்தசோகையும் அவர் தேடிக்கொண்டதா, நாம் கொடுத்ததா?

சரி, படத்துக்கு வருகிறேன். நூலகக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? பெக்கெட் தன் வழக்குக்குத் தானே சட்டம் தேடிக்கொண்டிருக்கிறார். தனி அறைக்குப் போய்விடுங்களேன் என்று நூலக ஊழியர் நைச்சியமாகத் துரத்துகிறார். அங்கே டென்சல் வாஷிங்டன், அதாவது ஜோ மில்லர், முதலில் புத்தகங்களுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்கிறார். பெக்கெட்டோடு கை குலுக்கிவிட்டோமே என்று பயந்து டாக்டரிடம் ஓடியவர்தான் இந்த மில்லர். அப்புறம் எழுந்து பக்கத்தில் வந்து உட்காருகிறார். இருவரும் சேர்ந்து ஒரு தீர்ப்பைப் படிக்கிறார்கள். அது சினிமாவுக்காகக் கற்பனை செய்த தீர்ப்பு இல்லை. ப்ளோரிடா மாநிலத்தின் நாசோ மாவட்டத்தில் 1966 முதல் 1979 வரை பாடம் நடத்திய ஆர்லைன் என்ற பள்ளி ஆசிரியையின் வழக்கு அது. காசநோய் திரும்பத் திரும்ப வந்ததால் அவரை நீக்கினார்கள். 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. நோய் உடம்பை முடக்குவது போலவே, அதைப் பற்றி ஊரார் வைத்திருக்கும் பயமும் கட்டுக்கதையும் மனிதனை முடக்கும் என்று நீதிபதி பிரென்னன் எழுதினார். நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. நீதிமன்றம் கேட்ட கேள்விகள் இரண்டுதான்: இவரால் வேலை செய்ய முடியுமா, மற்றவர்களுக்கு உண்மையிலேயே ஆபத்து உண்டா? அந்த அம்மாளுக்குக் காசநோய் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

படத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பெக்கெட் அபார வக்கீல்; குடும்பமே அவர் பின்னால் நிற்கிறது; துணைவராக வரும் ஆன்டோனியோ பண்டேராஸோடு அவருக்குள்ள காதலைக் கேமரா தள்ளி நின்றுதான் பார்க்கிறது. எய்ட்ஸ் போராளியும் எழுத்தாளருமான லாரி கிரேமர் படம் வந்த சூட்டிலேயே இதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. பெக்கெட் சுமாரான வக்கீலாக, சிடுசிடுப்பான ஆளாக, குடும்பம் கைவிட்டவராக இருந்தால் நாம் அழுதிருப்போமா? உரிமை என்பது அப்படிப்பட்டவருக்கும் சேர்த்துத்தான்.

இந்தக் கதைக்குப் பின்னால் நிஜ மனிதர்களும் இருக்கிறார்கள். ஜெஃப்ரி பவர்ஸ் என்ற இளம் வக்கீலை நியூயார்க்கில் ஒரு பெரிய சட்ட நிறுவனம் 1986-இல் நீக்கியது. அவர் மாநில மனித உரிமைப் பிரிவில் புகார் கொடுத்தார். 1987-இல் இறந்தும் போனார். அவருக்குச் சாதகமாக உத்தரவு வந்தது 1993 டிசம்பரில், படம் வெளியான அதே மாதத்தில். ஐந்து லட்சம் டாலர் இழப்பீடு. சினிமாவில் பெக்கெட் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தாவது தீர்ப்பைக் கேட்டார். பவர்ஸ் கேட்கவில்லை. தங்கள் மகனின் வாழ்க்கைக் கதையை எடுத்துப் படமாக்கிவிட்டார்கள் என்று படம் எடுத்தவர்கள் மேலேயே அவர் குடும்பம் வழக்குப் போட்டது. 1996-இல் அது சமரசத்தில் முடிந்தது. வழக்கு இழுக்க இழுக்க லாபம் முதலாளிக்கு, நஷ்டம் நோயாளிக்கு. அவருக்கு நேரம் கிடையாது.

தமிழில் வருமா என்று கேட்டீர்கள். முதலில் நம் இயக்குநர்கள் நீதிபதி கையிலிருந்து அந்தச் சுத்தியலைப் பிடுங்க வேண்டும். இந்திய நீதிமன்றங்களில் நீதிபதிகள் சுத்தியல் தட்டுவதில்லை என்று இந்தப் பக்கத்தில் எழுதி எழுதி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. கதைக்குப் பஞ்சமே இல்லை. 1986-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் செய்த வேலை அது. மாதிரிகளைச் சோதிக்க வேலூர் சி.எம்.சி.க்குத்தான் கொண்டுபோனார்கள். வேலை நீக்க வழக்குதான் வேண்டும் என்றால் மும்பைக்குப் போங்கள். ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் தற்காலிகக் கூலியாக இருந்தவர், வேலை செய்யத் தகுதியானவர்தான். ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் அவருக்கு வேலை இல்லை என்றார்கள். பெயரை வெளியிடாமல் 'எம்எக்ஸ்' என்ற இரண்டே எழுத்தில் அவர் வழக்கு நடத்த மும்பை உயர் நீதிமன்றம் அனுமதித்தது. உடல் தகுதி உள்ளவரை, மற்றவர்களுக்கு ஆபத்து இல்லாதவரை, எச்.ஐ.வி. என்ற ஒரே காரணத்துக்காக வெளியே நிறுத்தக் கூடாது என்று 1997-இல் தீர்ப்பளித்தது. கோட்டு சூட்டு இல்லாத, அன்றாடக் கூலிக்காரனின் பிலடெல்பியா அது. எடுக்க ஆள் வேண்டும்.

இன்றைக்கு அந்த உரிமை சட்டமாகவே இருக்கிறது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. தனியார் நிறுவனத்துக்கும் பொருந்தும். தொற்றைக் காட்டி ஒருவரை நீக்க வேண்டுமானால், அவரால் மற்றவர்களுக்குத் தொற்றும் அபாயம் கணிசமாக இருக்கிறது அல்லது அவரால் அந்த வேலையைச் செய்ய இயலாது என்று சுயேச்சையான, தகுதியுள்ள மருத்துவ வல்லுநர் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். அதன் நகலையும் அவரிடம் கொடுக்க வேண்டும். நூறு பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் நிறுவனத்தில் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் இருபது பேர் இருந்தாலே போதும். ஈரோட்டில் நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் மில்லும் சாயப்பட்டறையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் வேலையிடமும் அப்படிப்பட்டது என்றால், திங்கட்கிழமை போய் அந்தப் புகார் அலுவலர் யார் என்று கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள், உங்கள் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் போடாமல் அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.